கிடையில் ஒரு சிறுவன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சம்பா அறுவடை முடிந்து எங்கள் வயலில் ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார்கள், உரத்துக்காக ராத்திரியில் ஆடுகளை வயலிலேயே அடைத்து வைப்பார்கள். கூடவே ஒரு பையன், பன்னிரண்டு வயதுகூட இருக்காது, ராத்திரியும் ஆடுகளோடுதான் படுக்கிறான். ஆட்டு மந்தையை நடத்தும் கீதாரியைக் கேட்டால், "அவங்க அப்பாதான் விட்டுட்டுப் போனாரு, சோறு போட்டுப் பாத்துக்கிறோம்" என்கிறார். புகார் கொடுத்தால் அந்தக் குடும்பத்துக்குத்தான் கஷ்டம் என்று வீட்டில் தடுக்கிறார்கள். என்ன செய்யலாம்?
- வாசகர், மன்னார்குடி

பதில்: இன்றைக்கே 1098-க்குப் பேசுங்கள். குழந்தைகளுக்கான இலவச எண் அது, இரவிலும் எடுப்பார்கள், உங்கள் பெயரைச் சொல்லத் தேவையில்லை. கிடை நாளைக்கே அடுத்த ஊருக்கு நகர்ந்துவிடலாம் என்பதால்தான் இந்த அவசரம். எந்த ஊர், யார் வயல், அடுத்து எங்கே போகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் வீட்டார் சொல்வதற்கு வருகிறேன். அப்பா சும்மா விட்டுவிட்டுப் போயிருக்க மாட்டார், பெரும்பாலும் முன்பணம் வாங்கியிருப்பார். டெல்டாவில் சொந்த நிலமில்லாத குடும்பங்களுக்கு அறுவடை இயந்திரம் வந்தபிறகு வயல் வேலை சுருங்கிப்போனது, 2018 நவம்பரில் கஜா புயல் வீட்டையும் தென்னையையும் சாய்த்தபோது கடன் இன்னும் ஏறியது, அந்த நெருக்கடியில்தான் பிள்ளையை ஆடு மேய்க்க, வாத்து மேய்க்க என்று அனுப்பிவிடுகிறார்கள். அப்படி அனுப்பியிருந்தால் அதற்குப் பெயர் கொத்தடிமை. 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனை யாரும் திருப்பிக் கேட்க முடியாது, அது செல்லாது. அந்த அப்பாவிடம் இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும், பாவம், கடன் இன்னும் தன் தலையில் இருக்கிறதென்று பயந்துகொண்டே இருப்பார்.

பையனை மீட்டதோடு வேலை முடிந்தது என்று எல்லோரும் கலைந்துவிடுவதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். கோட்டாட்சியர் தரும் விடுதலைச் சான்றிதழைக் கையில் வாங்க வேண்டும். 30,000 ரூபாய் வரை உடனடி உதவி, அதன்பிறகு வரும் மறுவாழ்வுத் தொகை என்று எதற்குப் போனாலும் அந்தக் காகிதத்தைத்தான் கேட்பார்கள், அது கிடைக்காத குடும்பம் அடுத்த கோடையில் மறுபடியும் ஒரு கீதாரியிடம்தான் போய் நிற்கும். நீங்கள் உள்ளூர்க்காரர், ஊராட்சித் தலைவரையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால் நிச்சயம் வித்தியாசம் தெரியும்.

அப்புறம், பள்ளிக்கூடம். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று எந்தப் பள்ளியும் அவனைத் திருப்பி அனுப்பக் கூடாது. இத்தனை நாள் படிக்கவில்லை என்று ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கவும் கூடாது. கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும்.

கேள்வி: கும்பகோணம் பேருந்து நிலையத்தில் சின்னப் பிள்ளைகள் கையேந்தி வருகிறார்கள். காசு கொடுப்பது சரியா?
- வாசகி, பாபநாசம்

பதில்: பசிக்கிறது என்றால் இட்லியோ டீயோ வாங்கிக் கொடுத்துப் பக்கத்திலேயே நின்று சாப்பிட வையுங்கள், காசு வேண்டாம். அந்தக் காசு பல நேரம் தள்ளி நிற்கும் பெரியவர் கைக்குத்தான் போகும். பிள்ளையைப் பிச்சைக்குப் பயன்படுத்துபவருக்கு 2015 இளைஞர் நீதிச் சட்டத்தில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. தனியாகத் திரியும் பிள்ளை வீட்டை விட்டு ஓடிவந்ததாகவும் இருக்கலாம். அதட்டாமல் பெயரையும் ஊரையும் கேளுங்கள், 1098-க்குச் சொல்லிவிட்டு ஆள் வரும்வரை கூடவே இருங்கள். 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் அந்தப் பிள்ளையைச் சேர்க்க வேண்டும், வீட்டுக்கு அனுப்புவதா காப்பகத்தில் வைப்பதா என்பதை அவர்கள்தான் விசாரித்து முடிவெடுப்பார்கள். நீங்களாகப் பேருந்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள், அந்த வீட்டில் அடி தாங்காமல்தான் ஓடிவந்திருக்குமோ என்னவோ.