வீட்டில் எடுக்குது, ஆபீஸில் எடுக்கல: கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி. புது போன், டேப்லெட், ஸ்கேனர் வாங்குகிறார்கள். வீட்டு வைஃபையில் ஓடுகிறது, வேலை செய்யும் இடத்து வைஃபையில் ஓடவில்லை. மற்ற கடிதங்களை அடுத்த முறைக்கு எடுத்து வைத்துவிட்டேன்.

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் வேலை. ஆடித் தள்ளுபடியில் ஆண்ட்ராய்டு போன் வாங்கினேன். கம்பெனி வைஃபையில் ‘டொமைன்’ என்று ஏதோ கேட்கிறது. அதை நிரப்பாமல் கனெக்ட் ஆகவில்லை. பழைய போனில் ‘டோன்ட் வேலிடேட்’ கொடுத்து நுழைந்துவிடுவேன். இதில் அந்த வரியே இல்லை. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். வழக்குப் போடலாமா? – வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம் தம்பி. போனில் குறை இல்லை, கடைக்காரர் சொல்வது சரி. அந்த வரி உங்கள் நன்மைக்காகத்தான் எடுக்கப்பட்டது. 2020 டிசம்பர் அப்டேட்டில் கூகுள் தன் பிக்சல் போன்களில் அதை நீக்கியது. பிறகு மற்ற பல போன்களிலும் அது காணாமல் போனது.

கம்பெனி வைஃபை உங்களிடம் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது. கேட்பது கம்பெனிதானா என்று உங்கள் போன் எப்படித் தெரிந்துகொள்ளும்? அதற்குத்தான் சர்டிபிகேட் என்ற அடையாளச் சான்றும், டொமைன் என்ற கம்பெனி சர்வரின் பெயரும். ‘டோன்ட் வேலிடேட்’ என்றால் யார் கேட்டாலும் கொடுத்துவிடு என்று பொருள். கம்பெனி கேட்டுக்கு எதிரில் இருக்கும் டீக்கடையில் ஒருவன் சின்னப் பெட்டி ஒன்றை வைத்து, அதே வைஃபை பெயரைச் சூட்டினால் போதும், உங்கள் போன் அவனிடமே போய்ச் சேரும். பல கம்பெனிகளில் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறை எம்எஸ்சாப் இரண்டாம் பதிப்பு. அதை உடைக்கும் வழி 2012-லேயே வெளியாகிவிட்டது.

ஐடி பிரிவுக்குப் போய் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: ஈஏபி முறை (ஆளைச் சரிபார்க்கும் விதம்) எது, டொமைன் பெயர் என்ன, சர்டிபிகேட் தனியாக ஏற்ற வேண்டுமா அல்லது ‘யூஸ் சிஸ்டம் சர்டிபிகேட்ஸ்’ போதுமா. ஐந்து நிமிட வேலை. கடைக்காரரிடம் சத்தம் போட்டிருந்தால் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருவரிடம் நல்ல போன் 6,000 ரூபாய்க்குக் கிடைத்தது. பில் இல்லை. ஆபீஸில் ஐஎம்இஐ எண்ணைப் பார்த்துவிட்டுச் சேர்க்க முடியாது என்கிறார்கள். – வாசகர், நல்லம்பள்ளி

பதில்: சேர்க்காதது சரி. ஐஎம்இஐ என்பது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண். *#06# அழுத்தி வரும் அந்த எண்ணை, முன்னால் கேஒய்எம் (KYM) என்ற மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் இடைவெளியும் விட்டு, 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். கருப்புப் பட்டியலில் இருந்தால் அது யாரோ ஒருவர் தொலைத்த போனாக இருக்கலாம். காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள். வாங்குவதற்கு முன் செய்திருக்க வேண்டிய சோதனை இது, செலவு ஓர் எஸ்எம்எஸ்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் தனியார் மருத்துவமனையில் வேலை. நோயாளி விவரம் பார்க்கச் சொந்தக் காசில் பெங்களூரு கடை ஒன்றில் 14,500 ரூபாய்க்கு டேப்லெட் வாங்கினேன். ‘ஆபீஸ் வைஃபை, காலேஜ் வைஃபை எல்லாம் எடுக்கும்’ என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். மருத்துவமனை வைஃபையில் யூசர்நேம் போடும் இடமே அதில் வரவில்லை. வாங்கி 12 நாள் ஆகிறது. பில்லில் ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்று முத்திரை. அது வேறு மாநிலம், நான் என்ன செய்ய முடியும்? – வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: நிறைய செய்ய முடியும் அம்மா. முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்களுக்கே மெயிலும் அனுப்பிக்கொள்ளுங்கள்.

இதே பள்ளத்தில் நானும் விழுந்திருக்கிறேன். மகள் கல்லூரி விடுதியில் சேர்ந்த வருடம், தருமபுரியில் ஒரு கடையில் 9,400 ரூபாய்க்கு டேப்லெட் வாங்கிக் கொடுத்தேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘வைஃபை’. விடுதி வைஃபையில் எடுக்கவில்லை. கடைக்குத் திரும்பக் கொண்டுபோனேன். அவர் தன் கடை வைஃபையில் போட்டுக் காட்டி, ‘எடுக்குது பாருங்க சார்’ என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று பேசாமல் திரும்பி வந்தது இன்றைக்கும் உறுத்துகிறது. மகள் அந்த வருடம் முழுக்கத் தோழியின் லேப்டாப்பை இரவல் கேட்டுத்தான் படித்தாள்.

அன்று தெரியாததை இன்று சொல்கிறேன். வைஃபை என்பது ஒரே பொருள் அல்ல. வீட்டில் இருப்பது பர்சனல் வகை: ஒரு பூட்டு, ஒரு சாவி, வீட்டில் எல்லாருக்கும் அதே சாவி. அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் இருப்பது எண்டர்பிரைஸ் வகை. வாசலில் ஓர் ஆள் நின்று ஒவ்வொருவரின் பெயரையும் ரகசியச் சொல்லையும் கேட்டு, உள்ளே ரேடியஸ் சர்வர் என்ற பேரேட்டில் சரிபார்த்து விடுவதுபோல. வேலையை விட்டுப் போனவரின் பெயரை மட்டும் அடித்தால் போதும், எல்லாருடைய சாவியையும் மாற்ற வேண்டியதில்லை. நோயாளிகளின் விவரம் இருக்கும் இடத்தில் இப்படித்தான் இருக்க வேண்டும். இதற்கான 802.1எக்ஸ் என்ற தரம் 2001-லேயே வந்தது. வைஃபை பூட்டு முறைகளில் டபிள்யூபிஏ2 வந்தது 2004-ல், டபிள்யூபிஏ3 2018-ல். இவ்வளவு பழைய சங்கதியை மலிவு டேப்லெட் செய்பவர்கள் சிலர் இன்னும் சேர்ப்பதில்லை. சேர்க்காததைப் பெட்டியில் சொல்வதும் இல்லை. ரேம் எத்தனை, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று பக்கம் பக்கமாக அச்சடிக்கிறார்கள். எந்த வைஃபை என்று ஒரு வரி போட இடமில்லையாம். எனக்கு இது பல வருட ஆத்திரம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குகிறவர்தான் ஒவ்வொரு முறையும் இதில் மாட்டுகிறார்.

இனி சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் குறைபாடு என்பதற்குத் தரும் விளக்கத்தில், விற்பவர் எந்த வகையில் சொல்லியிருந்தாலும் அவர் சொன்ன தரம் பொருளில் இல்லாவிட்டால் அதுவும் குறைபாடுதான். ஆகவே அவர் வாட்ஸ்அப்பில் எழுதிய அந்த ஒரு வரியே உங்கள் டேப்லெட்டைக் குறைபாடுள்ள பொருளாக்கிவிட்டது. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை அதே சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடு, போடாவிட்டால் 30 நாள். உங்களுக்கு இன்னும் 18 நாள் இருக்கிறது. ‘வாபஸ் இல்லை’ முத்திரையைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள்.

இன்றே கடைக்கு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும். கூடவே 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதியுங்கள். பல கடைக்காரர்கள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வேறு மாநிலம் என்று தயங்க வேண்டாம், புகார் தருபவர் வசிக்கும் ஊரிலோ வேலை செய்யும் ஊரிலோ தாக்கல் செய்ய 2019 சட்டம் இடம் கொடுக்கிறது. உங்களுக்குக் கிருஷ்ணகிரியே போதும். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. தாக்கல் செய்ய இரண்டு வருட அவகாசம் இருந்தாலும் முதல் கடிதத்தைத் தள்ளிப்போடாதீர்கள். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

கேள்வி: எங்கள் மாங்கூழ் ஆலைக்கு 20 பார்கோடு ஸ்கேனர் வாங்கினோம். கையில் பிடிக்கிற வகை, செகண்ட் ஹேண்ட், விலை மலிவு. ஆலை வைஃபையை எண்டர்பிரைஸுக்கு மாற்றியபின் ஒன்றுகூட எடுக்கவில்லை. நுகர்வோர் ஆணையம் போகலாமா? – பர்ச்சேஸ் பிரிவு, பர்கூர் பக்கம்

பதில்: போக முடியாது. வணிகத்துக்கு வாங்கியவர் அந்தச் சட்டப்படி நுகர்வோர் அல்ல. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கும் சிறு தொழிலாளிக்கு மட்டும் விலக்கு உண்டு, 20 ஸ்கேனர் வாங்கும் ஆலைக்கு இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் சிவில் நீதிமன்றம்.

20 வாங்கும் முன் ஒன்றை வாங்கி ஒரு வாரம் குடோனில் ஓட்டிப் பார்க்க என்ன தடை? வைஃபை மாறப்போவது உங்கள் ஐடி பிரிவுக்குத் தெரியும், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? இப்போதைக்கு ஸ்கேனர்களுக்கு மட்டும் தனி நெட்வொர்க், தனி பாஸ்வேர்டு, அதிலிருந்து ஸ்டாக் சர்வரைத் தவிர வேறெங்கும் போக முடியாதபடி தடுப்பு என்று கேட்டுப் பாருங்கள். மே, ஜூனில் காய் வரத்து தொடங்கும் முன் முடித்துவிடுங்கள். அடுத்த முறை வாங்கும்போது ஐந்து கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை உண்டா, கடைசி செக்யூரிட்டி அப்டேட் எந்தத் தேதி என்பதையும் கேளுங்கள்.

கேள்வி: ஐடி அண்ணன் என் போனின் மேக் எண்ணைக் கேட்டார். ‘அபவுட் போன்’ பக்கத்தில் பார்த்து எழுதிக் கொடுத்தேன். இருந்தும் விடவில்லை. – வாசகி, அரூர்

பதில்: மேக் எண் என்பது வைஃபையில் போனை அடையாளம் காட்டும் எண். நீங்கள் எழுதிக் கொடுத்தது போனின் நிஜ எண். ஆனால் ஆண்ட்ராய்டு 10-லிருந்தும் ஐஓஎஸ் 14-லிருந்தும் போன் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைபெயர் எண்ணைக் காட்டுகிறது. அந்த ஆபீஸ் வைஃபையின் செட்டிங்கில் போய் ‘யூஸ் டிவைஸ் மேக்’ என்று மாற்றுங்கள். ஐபோனில் ‘பிரைவேட் வைஃபை அட்ரஸ்’ என்பதை அணையுங்கள். மற்ற வைஃபைகளில் அது இருந்தபடியே இருக்கட்டும்.

கேள்வி: கல்லூரியில் சேரப்போகிறேன். கடையில் டேப்லெட்டைச் சோதிப்பது எப்படி? – மாணவர், பென்னாகரம்

பதில்: பணம் கொடுக்கும் முன் கடையிலேயே செட்டிங்ஸ், வைஃபை, ‘ஆட் நெட்வொர்க்’, ‘செக்யூரிட்டி’ வரை போங்கள். அந்தப் பட்டியலில் ‘எண்டர்பிரைஸ்’ அல்லது ‘802.1எக்ஸ் ஈஏபி’ என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள். இருந்தால் பில்லில் மாடல் எண்ணோடு அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: கம்பெனி வைஃபைக்கு என் சொந்த போனில் ஓர் ஆப் போடச் சொல்கிறார்கள். வேலையை விட்டால் போட்டோ எல்லாம் அழிப்பார்களா? – வாசகர், சூளகிரி

பதில்: ‘வொர்க் புரொஃபைல்’ என்று தனிப் பகுதி திறந்தால் அவர்களால் அந்தப் பகுதியை மட்டுமே அழிக்க முடியும். போனையே ரீசெட் செய்து முழுக்க அவர்கள் கட்டுப்பாட்டில் தரச் சொன்னால் மறுத்துவிட்டு, கம்பெனி போன் கேளுங்கள்.

கேள்வி: மொபைல் கடையில் 300 ரூபாய் வாங்கிக்கொண்டு ஆபீஸ் வைஃபை செட் செய்து கொடுத்தார்கள். விலை நியாயமா? – வாசகர், பாலக்கோடு

பதில்: 300 ரூபாயை விடுங்கள். செட் செய்ய உங்கள் ஆபீஸ் பாஸ்வேர்டை அவரிடம் சொல்லியிருப்பீர்கள். பல இடங்களில் மெயிலுக்கும் சம்பள ரசீதுக்கும் அதே பாஸ்வேர்டுதான். இன்று மாலைக்குள் மாற்றுங்கள்.