வாசகர் கேள்வி-பதில்

கே: பாலக்கோட்டில் எங்கள் வீட்டில் 'மேஸ்ட்ரோ இன் ப்ளூ' கிரேக்கத் தொடர் பார்க்கிறோம். ஒரே ஆளை இரண்டு பெயரில் கூப்பிடுவதுபோல் கேட்கிறதே?

ப: குழப்பம் உங்கள் காதில் இல்லை, கிரேக்க இலக்கணத்தில். ஆண் பெயர் பெரும்பாலும் 'ஸ்' என்று முடியும். நேரில் விளிக்கும்போது அந்த 'ஸ்' உதிரும். நாயகன் ஓரெஸ்டிஸை ஊரார் 'ஓரெஸ்டி' என்பது அதனால்தான். நம் 'முருகன்', 'முருகா' ஆவதைப் போல. குடும்பப் பெயரும் பெண்ணுக்கு மாறும்: அப்பா பாபடோபுலோஸ் என்றால் மகள் பாபடோபுலூ. இது தெரியாவிட்டால் யார் யாருக்கு உறவு என்பதே பிடிபடாது. இந்தக் கதையில் முடிச்செல்லாம் உறவில்தான்.

ஒலியை கிரேக்கத்திலேயே வையுங்கள், வசனவரி ஆங்கிலத்தில். ஆங்கில டப்பிங்கில் குரலின் தயக்கம் போய்விடும். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் நெட்ஃபிளிக்ஸ் கணக்கு அமைப்பில் உங்கள் புரொஃபைலுக்குள் போய், வசனவரித் தோற்றத்தைப் பெரிதாக்கலாம்.

கே: இத்தனை ரகசியம் ஒரே தீவிலா?

ப: கதை நடக்கும் பாக்ஸோஸ் தீவு ஏறத்தாழ 10 கி.மீ. நீளம்தான். விமான நிலையம் கிடையாது. பக்கத்துத் தீவான கோர்ஃபுவிலிருந்தோ, கிரேக்க நிலப்பரப்பிலுள்ள இகுமெனிட்சா துறைமுகத்திலிருந்தோ படகில்தான் வரவேண்டும். யார் இறங்கினாலும் துறையில் நாலு கண் பார்க்கும். நம் ஊர் டீக்கடை பெஞ்சு தோற்கும்! எழுதி, இயக்கி, ஓரெஸ்டிஸாக நடித்திருப்பவரும் கிறிஸ்டோஃபொரோஸ் பாபகலியாடிஸ் ஒருவரே. மனைவியை அடிக்கும் காட்சிகள் கடுமையானவை. குழந்தைகள் தூங்கியபின் பாருங்கள்.