இசைக் கேள்வி பதில்: கெர்ரி லிவ்கிரென்

கேள்வி: கான்சாஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'டஸ்ட் இன் தி விண்ட்' பாட்டை எழுதியவர் பிறகு கிறிஸ்தவ இசைக்குப் போய்விட்டாராமே? அப்படியென்றால் அது கிறிஸ்தவப் பாட்டுதானே?
- ஜே.எஸ்., பசுமலை

பதில்: இல்லை. கெர்ரி லிவ்கிரென் மனந்திரும்பியது 1979-இல். பாட்டு வந்தது 1977-இல். கேட்டால் வேதாகமத்தில் பிரசங்கி புத்தகத்தின் 'எல்லாம் மாயை' நினைவுக்கு வரும், உண்மைதான். ஆனால் அந்த வரிக்கு அவரைத் தூண்டியது அமெரிக்கப் பழங்குடியினரின் கவிதைத் தொகுப்பு ஒன்று. 'கேரி ஆன் வேவர்ட் சன்' (1976) பாட்டில் இயேசு சொன்ன கெட்ட குமாரன் கதையைத் தேடுகிறவர்களுக்கும் இதே பதில்தான். அப்போது அவர் வேற்றுலக ஆவிகள் தந்ததாகச் சொல்லப்படும் யுரேன்ஷியா புத்தகம் வரை புரட்டித் தேடிக்கொண்டிருந்தவர். 1979 சுற்றுப்பயணத்தில் உடன் வந்த லெ ரூ குழுவின் ஜெஃப் போலார்டுடன் வேதாகமத்தைப் பற்றி நீண்ட வாக்குவாதங்கள் நடந்தன. திருப்பம் அதில்தான் வந்தது.

கேள்வி: உடனே குழுவை விட்டுவிட்டாரா?
- ஆர்.எம்., திண்டுக்கல்

பதில்: நான்கு வருடம் இருந்தார். 1980-இல் 'சீட்ஸ் ஆஃப் சேஞ்ச்' என்ற தனி ஆல்பம். ஹெவி மெட்டல் பாடகர் ரானி ஜேம்ஸ் டியோ அதில் 2 பாட்டு பாடினார் என்பது பலருக்கு ஆச்சரியம். சிக்கல் குழுவுக்குள்தான். எழுதுகிறவர் ஒருவர், மேடையில் பாடுகிறவர் வேறொருவர். தான் நம்பாத கிறிஸ்தவ வரியை எத்தனை நாள் பாடுவது? பாடகர் ஸ்டீவ் வால்ஷ் 1981-இல் விலகினார். 1983-இல் லிவ்கிரெனும் பேஸ் கிட்டாரிஸ்ட் டேவ் ஹோப்பும் வெளியேறி 'ஏ.டி.' குழுவைத் தொடங்கினார்கள். ஹோப் பிற்காலத்தில் ஆங்கிலிக்கன் குருவானார். 2000-இல் கான்சாஸுக்காக லிவ்கிரென் மறுபடி ஒரு முழு ஆல்பம் எழுதினார். ஆகவே பகை என்று கொள்ள வேண்டாம்.

கேள்வி: 'டஸ்ட் இன் தி விண்ட்' தொடக்கத்தைக் கிட்டாரில் வாசித்தால் தடதடவென்று கேட்கிறது. எங்கே தவறு?
- டி.பி., மேலூர்

பதில்: பெரும்பாலும் கட்டைவிரலில். அந்தப் பாட்டே லிவ்கிரென் விரல் பழக்கத்துக்கு வைத்திருந்த பயிற்சிதான். வலது கைக்கு எளிய வரிசை இது: 5-ஆம் கம்பியையும் 2-ஆம் கம்பியையும் சேர்த்துக் கிள்ளுங்கள், பிறகு 4, 3, 5, 2, 4, 3. கட்டைவிரலுக்கு 5-உம் 4-உம் மட்டும். ஆள்காட்டி விரல் 3-ஐயும் நடுவிரல் 2-ஐயும் விட்டு நகரக்கூடாது. முதல் கிள்ளலுக்கு முழு எண்ணிக்கை கொடுங்கள். பலர் அதை அரையாக்கி ஓடுகிறார்கள், தடதடப்பு அங்கேதான்.

இடது கையில், ஒரே பிடிக்குள் (கார்டு) மாறுவது 2-ஆம் கம்பி மட்டுமே. சி பிடியில் ஆள்காட்டியை எடுத்தால் சி மேஜர் 7. சுண்டுவிரலை 3-ஆம் கட்டத்தில் (ஃப்ரெட்) வைத்தால் சி ஆட் 9. ஏ மைனரிலும் அதே இரண்டு அசைவு. சுண்டுவிரல் படுத்தால் முதல் கம்பி செத்துப்போகும், நுனியால் அழுத்துங்கள். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, தடுமாறாமல் வந்தபின் 4, 4 ஆக ஏற்றுங்கள்.

கேள்வி: இதே மெட்டில் தமிழ் வரி போட்டு ஆராதனையில் பாடலாமா?
- எஸ்.ஏ., வத்தலக்குண்டு

பதில்: மெட்டுக்கு உரிமையாளர் உண்டு, அதை விட்டுவிடுங்கள். விரல் வரிசை யாருக்கும் சொந்தமில்லை. அதன்மேல் சொந்த மெட்டு போடுங்கள். கிள்ளல் விழும் இடத்தில் நெடில் எழுத்து வரட்டும். குறில் வந்தால் பாடுகிறவர் இழுத்துத் தொலைப்பார். சபைக்குச் சுருதி தாழ்வாக இருந்தால் 2-ஆம் கட்டத்தில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடுங்கள். பிடி மாறாது, சி என்பது டி ஆகிவிடும்.