திட்டத்தில் இல்லாத பிரெஞ்சு

அன்புள்ள அக்கா,

பிரெஞ்சில் பி1 என்ற இடைநிலைப் படிப்பு முடித்துவிட்டு, இரண்டு வருடச் சேமிப்பில் நான்கு வாரம் பிரான்சில் தங்கிப் படிக்க வந்தேன். தூர் நகரத்தில் ஒரு குடும்பத்தோடு தங்குவதாக ஏற்பாடு. கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது, அந்த வீட்டு அம்மாவுக்கு அறுவை சிகிச்சை என்று சொல்லி, 40 கிலோமீட்டர் தள்ளி லோஷ் பக்கம் ஒரு ஆட்டுப் பண்ணைக்கு மாற்றிவிட்டார்கள். வகுப்புக்குத் தினமும் ரயில். போன வாரம் அதுவும் ரத்து. மாற்றுப் பேருந்து எங்கே நிற்கும் என்று போனில் தேடிக்கொண்டிருக்கும்போதே அது கிளம்பிப் போய்விட்டது. அப்புறம் மூன்று நாள் நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. பண்ணை அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். சீஸ் செய்கிறார். காலையில் உதவிக்கு வருகிறாயா என்று கேட்டார், இலக்கணப் பாடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கிராமத்து உச்சரிப்பு ஒட்டிக்கொள்ளுமோ என்று வேறு பயம். கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? மீதி இரண்டு வாரத்துக்குப் பாரிஸில் தோழி வீட்டுக்குப் போய்விடலாமா?

தேன்மொழி

அன்புள்ள தேன்மொழி,

கட்டண விஷயம் ஒப்பந்தத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள். வித்தியாசத் தொகை வரவேண்டியிருந்தால் கேட்டு எழுதுங்கள், பிரெஞ்சிலேயே எழுதுங்கள். உச்சரிப்புப் பயத்துக்கு ஒரு வரி போதும்: தூரும் லோஷும் ஒரே துரேன் வட்டாரம். பிரான்சிலேயே சுத்தமான பிரெஞ்சு துரேனில்தான் என்று காலம்காலமாகச் சொல்கிறார்களே, அதில் உங்கள் பண்ணை அம்மாவும் அடக்கம்.

என்னால் கடக்க முடியாதது அந்தப் பேருந்து. நிலைய வாசலில் எத்தனை பேர் நின்றிருப்பார்கள்? அத்தனை பேரும் அதே பேருந்துக்குத்தான் நின்றார்கள். ஒருவரிடம் போய் "போன்ழூர், லெ கார், செ ஊ?" (வணக்கம், பேருந்து எங்கே?) என்று கேட்டிருந்தால் கையைப் பிடித்து ஏற்றிவிட்டிருப்பார்கள். ஐந்து சொல். பி1 முடித்தவருக்கு அது வராதா? வரும். ஆனால் நீங்கள் போனைப் பார்த்தீர்கள். இரண்டு வருடம் பணம் சேர்த்தது எதற்கு? முகம் தெரியாத ஒருவரிடம் பிரெஞ்சில் வாய் திறப்பதற்குத்தானே? அந்தத் தருணம் தானாக எதிரே வந்து நின்றபோது தலையைக் குனிந்துகொண்டீர்கள். பேருந்து போனதற்காக நான் வருத்தப்படவில்லை தேன்மொழி, கேட்காமல் விட்டதற்காகத்தான் கோபம். அதற்கு மேல் மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு வேறு இருந்திருக்கிறீர்கள்!

கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரிகிறது. அந்த மூன்று நாள் எப்படி இருந்திருக்கும் என்பதும் தெரியும். உங்கள் கடிதம் வந்த வாரம்தான் அலமாரியை ஒழித்தபோது என் 1995ஆம் வருட நோட்டு கிடைத்து, எடுத்து மேசையில் வைத்திருந்தேன். எனக்கு அப்போது 27 வயது. ஐந்து வாரப் படிப்புக்காக நவம்பரில் பாரிஸ் போயிருந்தேன். கிழக்கே மோந்த்ரையில் ஓர் அறை, நகரத்துக்குள் கார்த்தியே லத்தேன் என்ற மாணவர் பகுதிப் பக்கம் வகுப்பு. பிரதமர் அலென் ழுப்பே ஓய்வூதியத்தில் கைவைத்ததை எதிர்த்து நவம்பர் 24ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. ரயில் நின்றது, மெட்ரோ நின்றது. மெட்ரோ வாசல்களில் கம்பிக் கதவு இழுத்துப் பூட்டியிருந்தது. மூன்று வாரம். ஐந்தில் மூன்று! என் ஆசிரியை புறநகரிலிருந்து வரவேண்டியவர், பாதி நாள் வகுப்பே கிடையாது. முதல் நாள் அறையில் உட்கார்ந்து அழுதேன். அடுத்த நாளிலிருந்து நடந்தேன். போர்த் த மோந்த்ரை, நாசியோன், பஸ்தீய் வழியாக ஆறேழு கிலோமீட்டர், காது மடல் மரத்துப்போகும் குளிரில்.

அந்த நாட்களில் பாரிஸில் யாரும் யார் காரையும் கை காட்டி நிறுத்தலாம். நாசியோனில் எனக்காக நின்றது ஒரு பழைய ரெனோ 4. அதன் கியர் டாஷ்போர்டிலிருந்து குடைக் கைப்பிடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், முன்னே தள்ளிப் பின்னே இழுக்கவேண்டும். ஓட்டியவர் நர்ஸ், ஐம்பது வயதிருக்கும். பின் சீட்டில் ஒரு வங்கி ஊழியர், ஒரு சமையல்காரர். பஸ்தீய் போகவே ஒன்றரை மணிநேரம் ஆயிற்று, அவ்வளவு நேரமும் சண்டை. அரசு ஊழியர் முழு ஓய்வூதியத்துக்கு முப்பத்தேழரை வருடம் சந்தா கட்டினால் போதும், ழுப்பே அதை நாற்பது ஆக்குகிறார் என்பதுதான் விஷயம். பிரெஞ்சு எண்கள் அதுவரை எனக்குக் காதில் ஏறியதே இல்லை. "த்ராந்த் செத் ஆன் எ தெமி", அதாவது முப்பத்தேழரை வருடம், என்பதை அந்தக் காரில் ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன். இன்றைக்கும் தூக்கத்தில் சொல்வேன்.

திடீரென்று நர்ஸம்மா என் பக்கம் திரும்பி, உங்கள் ஊரில் எப்படி என்று கேட்டார். என் அப்பா ரயில்வேயில் கார்டு. 58 வயதில் ஓய்வு பெற்றவர். 1974 மே மாதம் இந்தியா முழுக்க இருபது நாள் ரயில்வே வேலைநிறுத்தம் நடந்ததே, அதில் இருந்தவர். எனக்கு அப்போது ஆறு வயது. இருபது நாளும் அப்பா வீட்டில் இருக்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம், அம்மா முகம் மட்டும் ஏன் அப்படி இருந்தது என்று புரியவில்லை. இதை அந்தக் காரில் சொன்னேன். இறந்தகாலம் எல்லாம் தப்பு, சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டினேன். சண்டை நின்றுபோயிற்று. வங்கிக்காரர்கூட முன்னால் குனிந்து கேட்டார். பஸ்தீயில் இறங்கும்போது நர்ஸம்மா "வூ வூ தெப்ரூயே பியான்" என்றார்.

நோட்டில் அந்தப் பக்கத்தில் இந்த ஒரு சொல்தான் இருக்கிறது, மூன்று தடவை அடிக்கோடு போட்டு. தெப்ரூயே என்றால் சிக்கல் எடுப்பது, நூல்கண்டில் சிக்கு எடுப்போமே, அது. சிக்கலிலிருந்து ஒருவர் தானாக வெளியே வந்தாலும் அதே சொல், ஒரு மொழியை ஓரளவு பேசினாலும் அதே சொல். நம்மிடமும் உண்டே. இந்தி வருமா என்று கேட்டால் "சமாளிப்பேன்" என்கிறோம், மாதக் கடைசியில் பணம் இல்லாவிட்டாலும் "சமாளிப்பேன்" என்கிறோம். பிரெஞ்சுக்காரர்களுக்கு இது ஒரு பெருமை. கையில் இருப்பதை வைத்துக் காரியம் முடிப்பதற்கு "சிஸ்தேம் தே" என்றே பெயர், அந்த "தே" இந்தச் சொல்லின் முதலெழுத்து. பி1 வகுப்பில் இந்தச் சொல்லைப் படித்திருப்பீர்கள். போன வாரம் நிலைய வாசலில் அதைச் செய்து பார்க்கக் கிடைத்தது, விட்டுவிட்டீர்கள்.

பாரிஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தோழி வீட்டில் தமிழ் பேசுவீர்கள், போகாதீர்கள்.

சீஸ் செய்கிறார் என்று இரண்டே சொல்லில் தாண்டிப் போயிருக்கிறீர்களே, என்ன சீஸ் என்று பார்த்தீர்களா? அந்தப் பக்கத்து ஆட்டுப்பால் சீஸ் என்றால் பெரும்பாலும் சேந்த் மோர் த துரேனாகத்தான் இருக்கும். ஒரு சாண் நீளத்துக்குக் கட்டை மாதிரி, மேலே சாம்பல் பூசி, நடுவில் ரை என்ற தானியப் பயிரின் வைக்கோல் தாள் ஒன்று செருகியிருக்கும். பச்சைப் பால் சீஸ் உடைந்துபோகாமல் பிடித்துக்கொள்ளவும், உள்ளே காற்றுப் போகவும் அந்தத் தாள். 1990இலிருந்து அதற்குச் நம் புவிசார் குறியீடு மாதிரி சட்டப்படி ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு உண்டு. உண்மையான சேந்த் மோர் என்றால் அந்தத் தாளில் பொடி எழுத்தில் பெயரும், செய்தவரின் எண்ணும் பொறித்திருக்கும்.

நாளைக் காலை இலக்கணப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அந்த அம்மா கூடப் போங்கள். முன்பு வரமாட்டேன் என்றதற்கு மன்னிப்புக் கேளுங்கள், சொல் வராவிட்டால் கையால் காட்டுங்கள். அந்தத் தாளை எப்படிச் செருகுவது என்று கேளுங்கள். அவர் எண் என்ன என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா