துருப்பிடித்த தாங்கியைத் தூக்கி எறியாதீர்கள்: பழைய கார்க் கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகள் பெரும்பாலும் பெற்றோல் தாங்கியைச் சுற்றியே இருக்கின்றன. அதில் ஆச்சரியமில்லை. வன்னியில் மிஞ்சியிருக்கும் ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடின. சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்தன. 2009இல் போர் முடிந்த பிறகு பல கார்கள் வெட்டவெளியில் மாரியும் கோடையும் மாறி மாறிப் பட்டுக் கிடந்தன. எஞ்சினில் கைவைக்க ஊருக்கு ஒரு பாஸ் (மெக்கானிக்) இருக்கிறார். தாங்கியைக் கழற்றிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. கடைசியில் காபரேட்டரை நாலு தரம் கழுவிய பிறகும் கார் இழுக்காமல் நிற்கும்.

மல்லாவியிலிருந்து: மொறிஸ் மைனர் தாங்கியின் அடியில் ஊசித்துளை அளவில் ஒழுகுகிறது. "பெற்றோலை வடித்துவிட்டுக் கொண்டு வாருங்கள், ஐந்து நிமிட வேலை" என்கிறார் வெல்டிங் கடைக்காரர். கொடுக்கலாமா அண்ணை?

கொடுக்க வேண்டாம். நிறைந்த தாங்கியைவிட வடித்த தாங்கிதான் ஆபத்து. எரிவது பெற்றோலின் ஆவி. காற்றில் அந்த ஆவி ஏறக்குறைய ஒன்றரை வீதத்துக்கும் ஏழரை வீதத்துக்கும் இடையில் கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். நிறைந்த தாங்கிக்குள் அதற்கு வேண்டிய காற்று இல்லை. வடித்த தாங்கிக்குள் தாராளமாக இருக்கிறது. மணம் போய்விட்டதே என்றும் நம்பக்கூடாது. விளிம்பு மடிப்புகளுக்குள்ளும் துருவுக்கு அடியிலும் பெற்றோல் ஊறிக் கிடக்கும். சுவாலை பட்டு இரும்பு சூடேறியதும் அது ஆவியாகி வெளியே வரும். பல மாதம் வெயிலில் காய்ந்த தாங்கிக்கும் இதே கதைதான்.

பற்றரி வயரை முதலில் கழற்றிவிட்டு, டிக்கித் தரைக்குக் கீழிருந்து தாங்கியை இறக்குங்கள். வெந்நீரில் சலவைத்தூள் கரைத்து நிரப்பி, குலுக்கி ஊற்றுங்கள். ஊற்றுகிற தண்ணீரில் எண்ணெய்ப் படலம் தெரியாமல் போகும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பிறகு வாயைக் கீழே கவிழ்த்துக் காயவையுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நாலு மடங்கு பாரம் என்பதால், வாய் மேலே பார்த்தபடி வைத்தால் ஆவி உள்ளேயே தங்கிவிடும்.

இதற்கு ஏற்ற வேலை ஈயப்பற்று. காஸ் சுவாலையும் ஆர்க் வெல்டிங்கும் வேண்டாம். கழுவிய தாங்கியைத் துளை மேலே வரும்படி திருப்பி, துளைக்கு ஒரு விரற்கடை கீழ்வரை தண்ணீர் நிரப்பினால் உள்ளே ஆவி நிற்க இடம் மிகக் குறைவு. துளையைச் சுற்றி வெள்ளி போல் மினுங்கும்வரை சுரண்டி, பற்றுப் பிடிக்க உதவும் திராவகம் தடவி, தூரத்தில் அடுப்பில் சூடாக்கிய கனத்த செப்புக் கட்டியால் ஈயத்தை இளக்கி ஓடவிட வேண்டும். பற்றவைக்கும் ஈயம் 183 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். ஆனால் செப்புக் கட்டியின் நுனி 300 பாகைக்கு மேல் போகலாம். பெற்றோல் ஆவி சுமார் 280 பாகையில் பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். ஆகவே, சுவாலை இல்லாத வேலைதானே என்று கழுவுவதில் குறை வைக்காதீர்கள்.

இன்னொன்று, துருவால் வந்த ஊசித்துளை தனியே வராது. ஸ்குறூ டிரைவர் நுனியால் சுற்றிவர அழுத்திப் பாருங்கள். தகடு வளைந்து கொடுத்தால் அந்த இடத்துக்கு முழுத் துண்டு போட வேண்டும். அதுவரைக்கும் ஒழுக்கை நிறுத்த, காய்ந்த சவர்க்காரக் கட்டியைத் துளையில் அழுத்தித் தேயுங்கள். பெற்றோலில் சவர்க்காரம் கரையாது. கராஜ் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க அது போதும், மாரி மழையில் ஓட அது போதாது.

புதுக்குடியிருப்பிலிருந்து: அப்பாவின் ஒஸ்ரின் ஏ40 சோமர்செட். 2009இல் விட்டுவிட்டு வந்து பிறகு தேடி எடுத்தோம். தாங்கியில் மூன்று இடத்தில் செல் பீஸ் (எறிகணைச் சிதறல்) பட்ட ஓட்டை. ஒன்றை அப்பா அப்போதே மரக்கட்டை செதுக்கி அடைத்திருக்கிறார். எல்லோரும் மாற்றச் சொல்கிறார்கள். எனக்கு மனமில்லை.

மாற்றத் தேவையில்லை, தங்கச்சி. பீஸ் பட்ட ஓட்டை துருவைவிட நல்லது என்றே சொல்வேன். துரு சுற்றியுள்ள தகட்டையும் தின்றிருக்கும். பீஸ் பட்ட இடத்தில் ஓட்டைக்கு ஒரு அங்குலம் தள்ளித் தகடு திடமாகவே இருக்கும்.

முதலில் ஒரு காரியம். தாங்கியைக் குலுக்காமல், பெற்றோல் அளவைக் காட்டும் மிதவை யூனிட்டைக் கழற்றி அந்த வாய்வழியே டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். சின்ன இரும்புத் துண்டு என்றால் பரவாயில்லை. என்னவென்று பிடிபடாத பொருள் எதுவாக இருந்தாலும் கைவைக்காமல் பொலிசுக்குச் சொல்லுங்கள். பற்றைக்குள் கிடக்கும் பழைய கார்களை இழுத்துவர நினைக்கிற மற்றவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. துப்புரவாக்கிய காணி என்று தெரியாமல் எந்தக் காருக்கும் கிட்டப் போகாதீர்கள். எவ்வளவு அருமையான கார் என்றாலும் அதற்காக ஒரு கால் போகக்கூடாது.

பீஸ் உள்ளே நுழைந்த ஓட்டையின் உதடுகள் உட்பக்கம் மடிந்திருக்கும், வெளியேறிய ஓட்டையில் வெளிப்பக்கம் விரிந்திருக்கும். வெளிப்பக்கம் விரிந்ததைச் சின்னச் சுத்தியலால் தட்டிச் சமப்படுத்தலாம். உட்பக்கம் மடிந்ததை இழுத்து நிமிர்த்தப் போனால் தகடு கிழியும், அதை வெட்டி எடுப்பதுதான் சரி. பிறகு ஒரு மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில், ஓட்டையை விட எல்லாப் பக்கமும் 15 மில்லிமீற்றர் கூடுதலாக ஒரு துண்டு வெட்டி, மூலைகளை உருட்டிவிடுங்கள். மூலை கூராக இருந்தால் அங்கிருந்துதான் பற்று விடத் தொடங்கும். துண்டின் அடிப்பக்கத்துக்கும் தாங்கியில் அது உட்காரும் இடத்துக்கும் தனித்தனியே ஈயம் பூசி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேலிருந்து செப்புக் கட்டியால் அழுத்திச் சூடாக்க வேண்டும். இரண்டு ஈயப் பூச்சும் இளகிச் சேர்கிற நேரம் துண்டு மெல்லக் கீழே அமரும், விளிம்பைச் சுற்றி மினுங்குகிற ஒரு கோடு வெளியே பிதுங்கும். அந்தக் கோடு எங்கேயும் அறுபடாமல் முழுச் சுற்றுக்கும் வந்தால் பற்று பிடித்துவிட்டது. ஆறும்வரை அசைக்காதீர்கள்.

சோதிப்பதற்குக் கொம்பிரசர் காற்று வேண்டாம், தாங்கி ஊதிப் பிதுங்கிவிடும். வாய்களை அடைத்து, சைக்கிள் பம்பால் இரண்டு மூன்று அடி அடித்து, சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள்.

கார் எரிந்து, தாங்கித் தகடு செதில் செதிலாக உரிகிறது என்றால் மட்டும் எனக்குக் கைவிட மனம் வரும். உங்களது அப்படி இல்லை. அப்பா செதுக்கிய கட்டையைக் கழற்றியதும் எறிந்துவிடாமல் பத்திரமாக வையுங்கள்.

நெடுங்கேணியிலிருந்து: தாங்கிக்குள் கறுத்த பிசின் மாதிரி ஒட்டியிருக்கிறது. துரு இல்லை. தண்ணீரில் கழுவினாலும் போகவில்லை.

அது மண்ணெண்ணெய் ஓடிய காலத்து மிச்சமாக இருக்கலாம், ஆண்டுக்கணக்கில் நின்று கெட்ட பெற்றோலாகவும் இருக்கலாம். காபரேட்டருக்குள் இரண்டு துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் எத்தனை! தாங்கியின் அடியில் அந்தப் பிசின் படை படையாக உறைந்துபோகும். சலவைச் சோடா கலந்த கொதிநீரில் ஒரு நாள் ஊறவையுங்கள். மிச்சத்துக்குத் தின்னர் ஊற்றி அடைத்து, பக்கம் மாற்றி மாற்றி வைத்து எடுங்கள். திறந்த வெளியில், அடுப்புக்குத் தூரத்தில் செய்ய வேண்டும். பிறகு பெற்றோல் பைப்பையும் ஊதி, பம்பின் வலையையும் கழற்றிக் கழுவாவிட்டால் வேலை பாதியில் நிற்கும்.

மாங்குளத்திலிருந்து: ஏ9இல் வவுனியா நோக்கிப் போகும்போது ஏழெட்டு மைல் நன்றாக ஓடி, பிறகு இருமி இருமி நிற்கிறது. கொஞ்ச நேரம் விட்டால் திரும்பவும் ஓடும். மகன் அண்மையில் தாங்கிக்குப் புது மூடி வாங்கிப் போட்டான்.

அந்த மூடியில்தான் எனக்குச் சந்தேகம். பழைய தாங்கிகளுக்கு மூடிவழியேதான் காற்று உள்ளே போகும். காற்றுத்துளை இல்லாத மூடி போட்டால், பெற்றோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பம்பால் இழுக்க முடியாமல் போகும். அடுத்த முறை நின்றதும் மூடியைத் திறவுங்கள். "உஸ்" என்று காற்று இழுபட்டு, உடனே ஸ்ரார்ட் ஆனால் வேறொன்றும் தேட வேண்டாம். சத்தம் வரவில்லை என்றால் பம்பைப் பாருங்கள். சித்திரை வெயிலில் எஞ்சின் பக்கத்துப் பம்புக்குள்ளேயே பெற்றோல் ஆவியாகிவிடும், ஈரத்துணி போட்டால் திரும்ப ஓடும். இரண்டும் இல்லை என்றால் தாங்கியடியில் கிடக்கும் துருத்தூள் இழுவைக் குழாயின் வாயை அடைக்கிறது. கார் நின்றதும் தூள் படிந்துவிடுவதால்தான் மறுபடி ஓடுகிறது.

ஒட்டுசுட்டானிலிருந்து: துருவை எடுக்க வினாகிரியா, பற்றரி சார்ஜரா? ஒருவர் பற்றரி அசிட் ஊற்றச் சொல்கிறார்.

பற்றரி அசிட் வேண்டவே வேண்டாம். துருவோடு தகட்டையும் தின்றுவிடும். சார்ஜர் முறைதான் என் விருப்பம், ஏனென்றால் அது நல்ல இரும்பைத் தொடாது. கழுவிய தாங்கியில் தண்ணீர் நிரப்பி, ஐந்து லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி கணக்கில் சலவைச் சோடா கரையுங்கள். சாதாரண இரும்புக் கம்பி ஒன்றை மிதவை வாய்வழியே, தாங்கியில் எங்கும் முட்டாமல் தொங்கவிட வேண்டும். சார்ஜரின் கழித்தல் பக்கம் தாங்கிக்கு, கூட்டல் பக்கம் கம்பிக்கு. மாறிக் கொடுத்தால் தாங்கிதான் கரையும். எவர்சில்வர் கம்பி கூடாது, நச்சுக் குரோமியம் தண்ணீரில் கலக்கும். உள்ளேயிருந்து ஐதரசன் வாயு வரும், ஆகவே முற்றத்தில் வையுங்கள், கிட்டே சுருட்டோ விளக்கோ வேண்டாம். கிளிப்பைக் கழற்ற முன்னர் சுவிட்சை நிறுத்துங்கள், அங்கே ஒரு பொறி வந்தாலே போதும்.

கம்பிக்கு நேரே தெரியாத இடங்களில், அதாவது உள்தடுப்புத் தகடுகளுக்குப் பின்னால், இந்த முறை சரியாக வேலை செய்யாது. அங்கே மட்டும் வினாகிரி. ஒரு நாளுக்கு மேல் விடாதீர்கள். பழைய தாங்கிகளின் உட்பூச்சிலும் பற்றிலும் ஈயம் இருக்கிறது, வினாகிரி அதையும் மெதுவாகக் கரைக்கும். அந்தத் தண்ணீர் நஞ்சு, கிணற்றடியிலோ தோட்டத்திலோ ஊற்றவே கூடாது. கடைசியில் அப்பச்சோடாத் தண்ணீரால் அலசி, உடனே காயவையுங்கள். ஈரமாக ஒரு மணித்தியாலம் விட்டாலே செந்துரு திரும்பிவிடும்.

பரந்தனிலிருந்து: போன கார்த்திகையில் தாங்கிக்குள் சீலர் (ஒழுக்கையும் துருவையும் தடுக்கும் உட்பூச்சு) பூசினோம். இப்போது தோல் மாதிரி உரிந்து பில்ரரை அடைக்கிறது.

கார்த்திகை மழையில் தாங்கியின் உட்பக்கம் முழுதாகக் காய்ந்திருக்காது. ஈரத்தின்மேலோ எண்ணெயின்மேலோ சீலர் ஒட்டாது. மேலே இன்னொரு பூச்சுப் பூசினால் அதுவும் சேர்ந்தே உரியும். அசிற்றோன் ஊறவிட்டு முழுவதையும் எடுத்துவிட்டு, ஆடி, ஆவணியில் சோளகக் காற்று அடிக்கிற நாட்களில் புதிதாகத் தொடங்குங்கள். திடமான தாங்கிக்குச் சீலரே தேவையில்லை என்பது என் எண்ணம். ஓட்டையை மறைக்க அதைப் பாவிப்பவர்கள்தான் அதிகம்.

துணுக்காயிலிருந்து: பெற்றோல் அளவு காட்டும் மணிக்கூட்டின் முள் எப்போதும் நிறைந்தே நிற்கிறது.

மிதவை வயரைக் கழற்றி, பெற்றோல் வாய்களை மூடிவிட்டு, நுனியைச் சேசிசில் ஒரு கணம் தொடுங்கள். 1950களின் மணிக்கூடுகளில் முள் வெறுமைக்கு இறங்க வேண்டும். இறங்கினால் மணிக்கூடும் வயரும் சரி, பிழை மிதவை யூனிட்டிலோ அதன் எர்த்திலோ இருக்கிறது. பிந்திய கால மணிக்கூடுகள் நேர்மாறு, சேசிசில் தொட்டால் நிறைவு காட்டும். பித்தளை மிதவையைக் கழற்றி வெந்நீரில் அமிழ்த்திப் பாருங்கள், குமிழி வந்தால் அது ஓட்டை.

விசுவமடுவிலிருந்து: தாங்கி வரும்வரை டிக்கிக்குள் பிளாஸ்ரிக் கான் வைத்து ஓடலாமா?

கூடாது. அடைத்த டிக்கிக்குள் சேர்கிற ஆவி பின் இருக்கைப் பிள்ளைகளின் மூச்சுக்குள் போகும். தடைக் காலத்தில் வேறு வழியில்லாமல் செய்தோம், இப்போது வழி இருக்கிறது.

வவுனியாவிலிருந்து: தகடு முழுக்கச் சல்லடை. புதிது வாங்குவதா, இங்கே அடிப்பிப்பதா?

மொறிஸ் மைனர் என்றால் வாங்குங்கள். புதுத் தாங்கி இன்றும் பிரிட்டனில் செய்து விற்கிறார்கள். கட்டளை கொடுக்க முன்னர் ஆண்டைப் பாருங்கள். ஆரம்பகாலக் கார்களின் தாங்கி ஐந்து கலன், பிந்தியவை ஆறரைக் கலன். ஒஸ்ரின் பழைய மொடல்களுக்கு அவ்வளவு சுலபமில்லை, அடிப்பிக்கத்தான் வேண்டும். நாகம் பூசிய தகடு வேண்டாம், வெல்டிங் பண்ணும்போது வரும் புகை ஆளுக்குக் கெடுதி, பூச்சும் பிறகு உதிரும். 1.2 மில்லிமீற்றர் கறுப்பு இரும்புத் தகடு போதும். உள்ளே தடுப்புத் தகடுகள் இருந்தபடியே வரவேண்டும் என்று வற்புறுத்துங்கள். அவை இல்லாமல் அடித்தால் வளைவுகளில் பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கும். பழைய தாங்கியை அளவுக்காகக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் கேட்டு வாங்கி வாருங்கள். குழாய் பொருந்தும் திருகுகளும் மூடிக் கழுத்தும் அதிலிருந்துதான் வெட்டி எடுக்கவேண்டி வரும்.