லைப்போசோம் கிரீமும் பிரிசர்வேட்டிவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: நான் பயன்படுத்தும் லைப்போசோம் சீரத்தில் மெத்தில்பாரபெனும் புரோப்பில்பாரபெனும் உள்ளன. மருந்தைத் தோலுக்குள் கொண்டு செல்லும் லைப்போசோம் இவற்றையும் சேர்த்து உள்ளே கொண்டு போய்விடாதா?

பதில்: இவ்விரண்டும் பாரபென் வகைப் பிரிசர்வேட்டிவ்கள், அதாவது கிருமி வளராமல் தடுத்துக் கிரீம் கெடாமல் காப்பவை. பாரபென் தோலுக்குள் நுழைய லைப்போசோமின் துணை தேவையே இல்லை. மூலக்கூறு எடை ஏறத்தாழ 500 டால்டனுக்குக் கீழே உள்ள பொருள்களே தோலின் மேலடுக்கைக் கடக்க வல்லவை என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. மெத்தில்பாரபெனின் எடை 152, புரோப்பில்பாரபெனின் எடை 180. ஆகவே சாதாரண கிரீமிலிருந்தும் இவை ஓரளவு உள்ளே செல்லத்தான் செய்கின்றன. அவ்வாறு செல்வதில் ஒரு பகுதியைத் தோலிலுள்ள எஸ்டரேஸ் நொதிகளே பாரா-ஹைட்ராக்ஸிபென்சாயிக் அமிலமாகச் சிதைக்கின்றன. எஞ்சியது இரத்தத்தில் கலந்தாலும், உருமாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது.

லைப்போசோம் என்பது லெசித்தின் போன்ற பாஸ்போலிப்பிட்டுகளின் இரட்டைப் படலத்தால் ஆன நுண்ணிய பை. விளம்பரப் படங்களில் இந்தப் பைகள் உருண்டு உருண்டு தோலின் அடிவரை இறங்குவதாகக் காட்டுவார்கள். உண்மையில் சாதாரண லைப்போசோம்களில் மிகப் பெரும்பாலானவை மேலடுக்கிலேயே உடைந்து, அவற்றின் கொழுப்பு தோலின் கொழுப்போடு கலந்துவிடுகிறது. இந்தக் கலப்பு தோலின் தடையைச் சற்றே தளர்த்திச் சில பொருள்களின் நுழைவைக் கூட்டலாம். வேறு சிலவற்றைத் தோலிலேயே நிறுத்தியும் வைக்கலாம். 1980இல் மெசெய், குலசேகரம் இருவரும் முயல்களிடம் நடத்திய ஆய்வில், லைப்போசோம் லோஷனில் தந்த டிரையாம்சினோலோன் மருந்து, சாதாரண லோஷனில் தந்ததைவிடத் தோலின் அடுக்குகளில் நான்கைந்து மடங்கு அதிகமாகத் தங்கியது. உடலின் உட்பகுதியிலோ குறைவாகவே காணப்பட்டது. எனவே ‘லைப்போசோம் என்றாலே எல்லாம் இரத்தத்துக்குப் போகும்’ என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. ஆனால் வெடிப்பு, சிராய்ப்பு உள்ள இடத்திலும் டெர்மாரோலர் என்ற நுண்ணூசி உருளையை உருட்டிய கையோடும் இத்தகைய சீரத்தைத் தடவ வேண்டாம். அங்கே தடையே திறந்து கிடக்கிறது.

கேள்வி: பாரபெனால் புற்றுநோய் வருமா?

பதில்: இந்தப் பேச்சு 2004இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்விலிருந்து பரவியது. 20 மார்பகக் கட்டி மாதிரிகளில் பாரபென் இருப்பதை அது காட்டியது. ஆரோக்கியமான திசுவோடு ஒப்பிடவில்லை, பாரபென்தான் காரணம் என்று நிறுவவும் இல்லை. புரோப்பில், பியூட்டில் பாரபென்களுக்கு ஈஸ்ட்ரோஜனை ஒத்த வலுக்குறைந்த செயல் உண்டு என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் அவ்விரண்டின் மொத்த அளவை 0.14 சதவீதமாகக் குறைத்ததுடன், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் டயப்பர் பகுதியில் கழுவாமல் விடும் பொருள்களில் அவற்றைத் தடையும் செய்தது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இந்த ஒன்றைக் கவனித்து வாங்கினால் போதும்.

கேள்வி: சிறிய அளவில் லைப்போசோம் கிரீம் தயாரிக்கிறேன். சாதாரண கிரீமில் போடும் அதே அளவு பாரபென் போட்டும் பூஞ்சை பிடிக்கிறது. ஏன்?

பதில்: கிருமி வளர்வது நீரில்; அதைத் தடுப்பதும் நீரில் கரைந்து நிற்கும் பிரிசர்வேட்டிவ் மட்டுமே. கொழுப்பை நாடும் புரோப்பில்பாரபெனோ லெசித்தின் படலத்துக்குள் போய் ஒதுங்கிக்கொள்கிறது. லேபிளில் எழுதும் சதவீதம் மாறாமலே நீரில் மிஞ்சும் அளவு சுருங்கிவிடுகிறது. அதை ஈடுகட்ட மேலும் கொட்டினால் படலம் நெகிழ்ந்து, உள்ளே அடைத்த பொருள் கசியத் தொடங்கும்.

பென்சோயேட், சார்பேட் போன்ற வேறு பிரிசர்வேட்டிவ்கள் பக்கம் போனாலும் சிக்கல் தீராது. இவை அமிலத்தன்மையில், அதாவது பிஎச் குறைவாக இருக்கும்போதுதான் வேலை செய்யும். லெசித்தினோ பிஎச் 6.5 அளவில்தான் மிகக் குறைவாகச் சிதைகிறது. அந்த பிஎச்சில் பென்சாயிக் அமிலத்தில் நூற்றில் ஒரு பங்குகூட வேலை செய்யும் வடிவத்தில் இருக்காது. பிஎச்சை 5 பக்கம் இறக்கினால் பூஞ்சை கட்டுப்படலாம், லெசித்தினின் ஆயுள் குறையும். என் விருப்பம், ஐரோப்பிய வரம்பான 1 சதவீதத்துக்குள் ஃபீனாக்ஸிஎத்தனால், துணைக்குப் பென்டிலீன் கிளைக்கால், காற்றுப் புகாத பம்ப் பாட்டில். ஃபீனாக்ஸிஎத்தனாலும் படலத்தைச் சற்று நெகிழ்த்தும் என்பதால், லைப்போசோம்களின் அளவு மாறுகிறதா என்று மீண்டும் பார்த்துவிட வேண்டும். எதைச் சேர்த்தாலும், கிருமிகளை வேண்டுமென்றே கலந்து 28 நாள் கவனிக்கும் சோதனையை முடிக்காமல் விற்பனைக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வி: சோயா லெசித்தினை மிக்ஸியில் அடித்து, பிரிசர்வேட்டிவே இல்லாமல் வீட்டில் செய்து ஃப்ரீசரில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். மிக்ஸியில் கிடைப்பது பெரும்பாலும் வெறும் குழம்புக் கலவை. லைப்போசோம் ஓரளவு உருவாகியிருந்தாலும் உறையும்போது பனிப்படிகங்கள் அவற்றை உடைத்துவிடும்.

கேள்வி: ‘பாரபென் இல்லாதது’ என்று எழுதியிருந்த கிரீம் தடவியதும் கன்னம் சிவந்து அரிக்கிறது. லைப்போசோம் ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: முதலில் டப்பாவில் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பிரிசர்வேட்டிவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வாமைப் புகார்கள் பெருகியதால் ஐரோப்பாவில் 2017 முதல், கழுவாமல் விடும் பொருள்களில் அதைச் சேர்க்க அனுமதியில்லை. அந்த வகையில் பாரபெனே சாது. கிரீமை உடனே நிறுத்திவிட்டு, டப்பாவைத் தூக்கி எறியாமல் தோல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். முதுகில் ஒட்டும் பேட்ச் சோதனையில் 48 மணி நேரத்தில் ஒருமுறையும் சில நாள் கழித்து மறுமுறையும் பார்த்து, எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்வார்கள்.