நீலகிரி கிராமத்தில் மூடிக் கிடக்கும் பழைய உயர்நிலைப் பள்ளிக் கட்டிடத்தின் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் சுவரைப் பாருங்கள். காரை உதிர்ந்த இடத்தில் கல் இடுக்கைச் சாவியால் லேசாகச் சுரண்டினால், சுண்ணாம்புச் சாந்து என்றால் வெள்ளைப் பொடியாக உதிரும், சிமெண்டில் கீறல்கூட லேசில் விழாது. சுண்ணாம்பும் இரண்டடித் தடிமன் கருங்கல்லும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் வெள்ளைக்காரர் காலம்தான்.

அப்புறம் கூரை. மங்களூர் ஓடு 1865க்குப் பிறகுதான் ஆலையில் தயாரானது. மலை ரயில் குன்னூருக்கு 1899லும் ஊட்டிக்கு 1908லும் வந்தது. அதற்கு முன் ஓடோ தகரமோ மாட்டு வண்டியில்தான் மலையேற வேண்டியிருந்தது, ஆகவே ஓட்டுக் கூரை ரயிலுக்குப் பிறகு வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஓட்டின் அடிப்பக்கம் ஆலைப் பெயர் பதிந்திருக்கிறதா என்று அவசியம் பாருங்கள், நல்ல துப்பு அது.

கட்டிடத்தின் வயது வேறு, பள்ளியின் வயது வேறு. காமராஜர் ஆட்சியில் (1954–63) கிராமங்களில் ஏராளமான பள்ளிகள் திறந்தார்கள். பழைய பங்களாவிலும் பள்ளி நடக்கலாம். வகுப்பறையில் கணப்பு அடுப்பு இருந்தால் அது முன்பு யாரோ குடியிருந்த வீடாக இருக்கக்கூடும். பள்ளி எப்போது வந்தது என்பதற்குச் சேர்க்கைப் பதிவேட்டின் முதல் பக்கம் போதும்.

ஒரே வேண்டுகோள்: பழுது பார்ப்பதாக இருந்தால் சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசிவிடாதீர்கள். இரண்டு பருவமழையும் நனைக்கிற மலையில் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் சாந்தையே அரித்துவிடும்.